சூரியன் சீறினால் கடை நடக்குமா?

சூரியனால் கடை வியாபாரம் நின்றுபோகும் என்றால் நம் வணிகப் பெருமக்களில் பலர் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். கனடாவில் நடந்ததைப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

1989 மார்ச் 13 அதிகாலை சுமார் 2.45 மணி. கியூபெக் மாகாணம் ஒன்றரை நிமிடத்தில் இருண்டது. புயலோ மழையோ இல்லை. சில நாட்களுக்கு முன் சூரியனில் வெடித்துக் கிளம்பிய மின்துகள் கூட்டம் வந்து பூமியின் காந்தப் புலத்தை உலுக்கியது. அதனால் தரையில் மின்னோட்டம் உண்டாயிற்று. அங்கே அடிநிலம் கெட்டிப் பாறை. மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அந்த மின்னோட்டம் சுமார் 1,000 கிலோமீட்டர் நீளமுள்ள மின்பாதைகளில் ஏறியது. பாதுகாப்புக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொண்டன. 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள்.

1859-ல் வந்தது இதைவிடப் பெரிது. அன்று இருந்தது தந்தி மட்டுமே. அமெரிக்காவில் பாட்டரியைக் கழற்றிய பிறகும் தந்தி ஓடியதாம்! இன்று அப்படி வந்து பெரிய மின்மாற்றிகள் கருகினால், புதிதாகச் செய்து வாங்கவே ஓராண்டுக்கு மேல் ஆகும்.

நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் மின்பாதைகளுக்குக் கனடா அளவு ஆபத்து இல்லை. ஆனால் செயற்கைக்கோள்கள் எல்லோருக்கும் பொது. 2024 மே மாதப் புயலில், செயற்கைக்கோளை நம்பி ஓடும் அமெரிக்க டிராக்டர்கள் தடுமாறி விதைப்பு தடைப்பட்டது. செல்போன் கோபுரங்கள் பலவும் நேரத்தைச் சரிபார்ப்பது அதே செயற்கைக்கோள்களை வைத்துத்தான்.

2018-ல் கஜா புயலுக்குப் பின் எங்கள் ஊரில் பல நாள் மின்சாரம் இல்லை. பில் போடும் கம்ப்யூட்டர் அணைந்தது. யாரிடம் எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் விழித்தேன். அடுத்த தெரு அண்ணாச்சியோ மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பற்று நோட்டைப் புரட்டி, தட்டுத் தராசில் அரிசி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதாவது வெளி மாவட்டத்திலிருந்து லாரியில் சரக்கும் ஜெனரேட்டரும் வந்தன. சூரியப் புயலில் வெளி மாவட்டமும் நம்மைப் போலவே முடங்கிக் கிடக்கலாம்.

நல்லவேளை, மின்துகள் கூட்டம் இங்கு வந்து சேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஆதித்யா எல்-1 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனைக் கவனிக்கிறது. எச்சரிக்கை கிடைக்கும் அந்த ஒரு நாளில் பற்றுக் கணக்கைக் காகிதத்தில் எடுத்துவிடலாம். முத்திரை போட்ட தராசும், மூன்று நாளுக்குச் சில்லறையும் கடையில் எப்போதும் இருக்க வேண்டும்.

ரொக்கம் இல்லாத வாடிக்கையாளருக்கு எவ்வளவு வரை கடன் கொடுப்பது? மொத்த வியாபாரி நமக்கு எத்தனை நாள் தவணை தருவார்? இருக்கிற சரக்கை என்ன விலைக்கு விற்பது? இருட்டில் நின்றுகொண்டு ஆளுக்கொரு விலை சொன்னால் ஊரில் நம் பெயர் கெடும். அடுத்த பொதுக்குழுவிலேயே இதைப் பேசித் தீர்மானமாகப் போட வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.