36 கிலோமீட்டர், தோழர்களே!

தோழர்களே! விலை விழுந்த நாளில் பாலக்கோட்டுச் சந்தைக்கு வாருங்கள். ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும் தக்காளியைப் பாருங்கள். பறிகூலிக்குக் கட்டவில்லை. வண்டி வாடகைக்குக் கட்டவில்லை. செடியிலேயே அழுகவிட்டவர் எத்தனை பேர்! அழுகியது தக்காளியா? நம் வேர்வை, தோழா. நம் வேர்வை!

இந்தத் தக்காளியை ஏற்றி அனுப்ப நமக்கு ரயிலே இல்லையா? இருக்கிறது! பாலக்கோடு, தருமபுரி வழியே சேலம் – பெங்களூரு ரயில் ஓடுகிறது. மொரப்பூர் வழியே சேலம் – சென்னை ரயில் ஓடுகிறது. தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் நடுவே 36 கிலோமீட்டர். அங்கேதான் தண்டவாளம் இல்லை. அங்கேதான் நம் கழுத்து நெரிகிறது.

ஒரு காலத்தில் இருந்தது, தோழர்களே! 1906-இல் இருந்தது. பஞ்சத்துக்குப் பயந்து வெள்ளைக்காரன் போட்ட குறுகிய ரயில் பாதை. 1941-இல், போர்க்காலத்தில், மூடிவிட்டான். அவனும் போனான். பாதையும் போனது. தாத்தா ஏறிய ரயிலைப் பேரன் பார்க்கவில்லை.

2019 மார்ச்சில் புதிய பாதைக்கு அடிக்கல் நட்டார்கள். மாலை போட்டார்கள். கை தட்டினோம். கல் வந்தது. ரயில் வரவில்லை. கை தட்டிய நாம் ஏன் வாய் திறக்கவில்லை?

2020 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்துத் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்குக் காய்கனி ஏற்றிக்கொண்டு விவசாயி ரயில் ஓடியது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா? காரிமங்கலம் மாங்காய் என்ன பாவம் செய்தது? அரூர் மரவள்ளி என்ன பாவம் செய்தது?

பேசாமல் இருந்தால் யாருக்கு லாபம்? நமக்கா? ஏற்றுகூலி நம் தலையில். இறக்குகூலி நம் தலையில். கமிஷன் நம் தலையில். தெற்கே போனால் தொப்பூர் கணவாய். அங்கே லாரி கவிழ்ந்தால் சாவதும் நம் பிள்ளை.

பாதைக்கு நிலம் கொடுக்கும் தோழரைத் தனியே விடாதே! நியாயமான விலை இல்லாமல் ஒரு சென்ட் நிலமும் போகக் கூடாது. அவர் கோரிக்கையும் நம் கோரிக்கை. அவரையும் நம்மையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்க விடாதே!

மே 1 கிராம சபைக்கு வா! ஆகஸ்ட் 15-க்கு வா! அக்டோபர் 2-க்கு வா! தீர்மானம் எழுது. நிலத்துக்கு நியாய விலை கொடு என்று எழுது. வேலையை முடி என்று எழுது. ரயிலை ஓட்டு என்று எழுது. தீர்மான நகலைக் கையில் வாங்காமல் வீடு திரும்பாதே!

36 கிலோமீட்டர். நம் பாட்டி ஒரு பகலில் நடந்துவிடுவாள். 1941-லிருந்து அரசுகளால் கடக்க முடியவில்லை.

சபையில் கையைத் தூக்கு, தோழா! நீ தூக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர் கையும் இறங்கிவிடும்.