ஃபோர்மட் செய்ய அவசரம் வேண்டாம்


மெமரி கார்ட் ரீடரைச் செருகியதும் கணனி ஸ்தம்பித்துவிட்டால் பதறாதீர்கள். கார்டை எடுத்துவிட்டு ரீடரை மட்டும் செருகிப் பாருங்கள். அப்போதும் ஸ்தம்பித்தால் கோளாறு ரீடரிலோ யூ.எஸ்.பி. துளையிலோ இருக்கலாம், கணனியின் பின்புறத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். கார்ட் போட்டால் மட்டுமே நின்றுவிடுகிறது என்றால் வேறொரு கார்டைப் போட்டுச் சோதியுங்கள்.

2006க்கு முற்பட்ட பழைய ரீடர்கள் 4 ஜீ.பீ., 8 ஜீ.பீ. போன்ற பெரிய எஸ்.டி. கார்டுகளைப் பொதுவாக வாசிப்பதில்லை. அவ்வேளையில் ‘ஃபோர்மட் செய்யவா?’ என்று கணனி கேட்கக்கூடும். ‘ஆம்’ என்று அழுத்திவிடாதீர்கள். பிள்ளைகளின் படங்கள் அழிந்துபோகலாம். கார்டைக் கமராவில் போட்டு, அதன் வயர் மூலம் படங்களை முதலில் கணனியில் பிரதி செய்துகொள்ளுங்கள். பழுது பார்ப்பது அதன் பிறகு.