விதி என்று விடை சொல்லலாமா?

ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் என்ன வரும்?

ஞாயிறு ஏட்டில், அரசியல் பேச வேண்டிய பத்தியில், பள்ளிக்கூடத்துக் கணக்கா என்று கேட்காதீர்கள். ஆட்சியும் அமைச்சரவையும் மட்டுமா அரசியல்? நாளைய குடிமகன் ‘ஏன்?’ என்று கேட்பவனாக வளர்வானா, சொன்னதை ஒப்பிக்கும் கிளியாக வளர்வானா என்பது எங்கே முடிவாகிறதோ, அங்கேதான் அரசியல் அரும்புகிறது. அந்த இடம் தொடக்கப் பள்ளி. அங்கே நிற்கப்போகும் ஆசிரியருக்குக் கணிதம் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது? அதை இணையத்தின் வழியே கற்பிப்பது தகுமா, தகாதா? இதுவே இன்று உங்கள் மன்றத்தில் நான் வைக்கும் வழக்கு.

நாடகம் எழுதுபவன் நான். ஆகவே ஒரு காட்சியாகவே காட்டுகிறேன். வகுப்பறை. கரும்பலகை. ஆசிரியர் முழங்குகிறார்:

“வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பு, பிறகு பெருக்கு!”

கடைசி வரிசைச் சிறுமி எழுகிறாள்: “ஏன் ஐயா திருப்ப வேண்டும்?”

“அது விதி. உட்கார்!”

உட்கார்ந்துவிட்டாள் சிறுமி. காட்சி முடிந்தது. ஆனால் கதை முடியவில்லை, தோழர்களே!

விதி! கணக்குப் புத்தகத்தில் அச்சொல்லுக்கு முறை என்று பொருள். நாட்டு வழக்கில் தலையெழுத்து என்று பொருள். முதல் விதியை ஏன் என்று கேட்டபோது உட்கார வைக்கப்பட்ட பிள்ளை, வளர்ந்து வயலுக்குப் போன பிறகு இரண்டாம் விதியை மட்டும் எழுந்து நின்று கேட்குமா? கூலி ஏன் குறைந்தது? விதி. வட்டி ஏன் ஏறிற்று? விதி. அண்ணனுக்குப் படிப்பு, எனக்கு ஏன் அடுப்பு? விதி! அறியாமையை அரியணையில் ஏற்றி வைக்க இந்த இரண்டெழுத்து போதும்.

அந்த ஆசிரியரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவருக்கும் யாரோ ஒருவர் ‘விதி’ என்று சொல்லித்தான் உட்கார வைத்திருப்பார். தமக்குத் தரப்படாத ஒன்றை அவர் எங்கிருந்து எடுத்துத் தருவார்?

“சின்னப் பிள்ளைகளின் கணக்குத்தானே! கூட்டலும் கழித்தலும் சொல்லித்தரப் பெரிய படிப்பு எதற்கு?” என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு லிப்பிங் மா என்ற அம்மையாரின் ஆராய்ச்சியை அறிமுகப்படுத்துகிறேன். சீனத்தில் பிறந்தவர். பண்பாட்டுப் புரட்சியின்போது எட்டாம் வகுப்போடு படிப்பு நிற்க, சிற்றூருக்கு அனுப்பப்பட்டு, அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியையானவர். பின்னர் அமெரிக்கா சென்று கற்று, 1999 இல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்க ஆசிரியர் 23 பேர், சீன ஆசிரியர் 72 பேர் ஆகியோரிடம் அவர் வைத்த கேள்விகளில் ஒன்று என்ன தெரியுமா? நான் தொடக்கத்தில் கேட்டேனே, அதே ஒன்றே முக்கால், அதே அரை!

கல்லூரிப் பட்டம் பெற்ற அமெரிக்க ஆசிரியர்களில் சரியான விடை கண்டவர்கள் பாதிக்கும் குறைவு. இந்தக் கணக்குக்குப் பொருத்தமான ஒரு கதை சொல்லுங்கள் என்றபோது, தேறியவர் ஒரே ஒருவர். மற்றவர்களில் பலர், அரையால் வகுப்பதையும் பாதியாக வகுப்பதையும் ஒன்றென எண்ணித் தடுமாறினர். சீன ஆசிரியர்களோ பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்போடு ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றவர்கள். அவர்கள் 72 பேரும் சரியான விடை கண்டனர். அவர்களுள் 65 பேர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். எப்படி வந்தது இந்த ஆற்றல்? பள்ளியில் ஆசிரியர்கள் கூடி அமர்ந்து, பாடநூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ‘இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?’ என்று ஒருவரோடொருவர் வாதிட்டதால் வந்தது. கல்லூரியின் வாயிற்படியில் ஏறி, பாதியில் இறங்கி வந்த எனக்கு இந்தச் செய்தி இனிக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. பட்டம் வேறு, தெளிவு வேறு என்பதற்குச் சான்றாகச் சொல்கிறேன்.

இப்போது நம் காவிரிக் கரைக்கு வாருங்கள். களத்துமேட்டில் ஒன்றே முக்கால் மரக்கால் நெல். அளக்கக் கையில் இருப்பது அரை மரக்கால். எத்தனை முறை அளக்கலாம்? முழு மரக்காலில் இரண்டு முறை. மிச்சமுள்ள முக்காலில் ஒன்றரை முறை. ஆக மூன்றரை! ஒவ்வொரு மரக்காலிலும் இரண்டு அரைகள் இருப்பதால்தான் இரண்டால் பெருக்குகிறோம். ‘தலைகீழாகத் திருப்புவது’ என்ற மந்திரத்தின் மர்மம் இவ்வளவுதான். அதே நெல்லை இருவருக்குப் பாதியாகப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு மரக்காலுக்கும் சற்றுக் குறைவு. அரையால் வகுத்தால் பெருகுகிறது. பாதியாக வகுத்தால் குறைகிறது. களத்தில் நெல் தூற்றும் மூதாட்டிக்கு இந்த வேறுபாடு கண்ணால் தெரியும். அவளுடைய பேத்திக்குக் கரும்பலகையில் தெரியவில்லை என்றால், குறை பேத்தியிடமா?

கழித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 42 இலிருந்து 17 போகவேண்டும். “இரண்டில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு!” கடனை நன்கறிந்த வீட்டுப் பிள்ளை கேட்காதா, வாங்கிய கடனை எப்போது திருப்பித் தருவது என்று? உண்மையில் அங்கே கடனும் இல்லை, கடன்காரனும் இல்லை. பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு ஒன்றை அவிழ்த்து, ஒற்றைக் குச்சிகளாக்கி, இருந்த இரண்டோடு சேர்க்கிறோம். பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. எஞ்சிய மூன்று கட்டில் ஒன்று போனால் இரண்டு. விடை 25. அவிழ்ப்பதைக் கண்ணால் கண்ட பிள்ளை அதை ஆயுளுக்கும் மறவாது.

நுண்கணக்கு நமக்குப் புதிதன்று. முந்திரி என்றால் 320 இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். கணக்கதிகாரம் இயற்றிய காரிநாயனார் காவிரி நாட்டுக் கொறுக்கையூரினர். ஆனால் பழம்பெருமை பாடிப் பந்தலில் மாலை வாங்கிக்கொண்டு போக நான் வரவில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஏறியது பிரம்பின் துணையால், மனப்பாடத்தின் வலிமையால். நாற்று நட்டவளின் பிள்ளைக்கு அந்தத் திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரம். அளந்தவனுக்குக் கணக்குத் தெரியும், உழைத்தவனுக்குத் தெரியாது. அதுதான் அந்நாளைய ஏற்பாடு!

அந்த ஏற்பாட்டின் விலை என்ன? கூலியாக இன்னும் ஓர் அரைப்படி நெல் என்று கேட்டெழுந்த கிளர்ச்சியின் நாட்களில், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. அரை என்பது சிறிய எண் என்று இனி யாரும் சொல்லாதிருக்கட்டும். அதே கீழ்வேளூர் வட்டத்தில்தான், குருக்கத்தியில், பழைய நாகை மாவட்டத்துக்குரிய ஆசிரியர் கல்வி நிறுவனம் அமைந்தது. அரை என்றால் என்ன என்பதை அங்கே பயில்வோர் வெறும் எண்ணாகவா கற்பது?

ஆசிரியரை உருவாக்கும் தொழிலும் இந்தக் கரைக்குப் பழையது. பூம்புகாருக்குத் தெற்கே, அதே கடலோரத்தில், தரங்கம்பாடி. 1706 இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கும் அவர் குழுவினரும் 1716 இல் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கினர். இந்தியாவின் முதல் ஆசிரியப் பயிற்சி நிறுவனமென வரலாற்று நூல்கள் குறிப்பது அதைத்தான். பின்னர் 1787 இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு, அம்முறையை ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித் தருவது. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கானோரை மேய்ப்பது. 1797 இல் இலண்டனில் நூலாக வந்தது. ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஏன் பரவிற்று? மலிவு! செலவு குறைவு! ஒப்பித்தல் பரவியது, ‘ஏன்?’ என்ற வினா பரவவில்லை.

இந்த மலிவு ஆசைதான், தோழர்களே, இன்றைய இணையவழிப் படிப்பையும் வட்டமிடுகிறது. ஒரே குரல், இலட்சம் செவிகள்!

நடந்ததைப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பயிற்சி பெறாத ஆசிரியர்கள் தகுதி பெற 2015 மார்ச் வரை கெடு. கெடு கடந்தது, தகுதி வரவில்லை. 2017 இல் சட்டத்தைத் திருத்தி, 2019 மார்ச் 31 வரை நீட்டினார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு, ‘சுவயம்’ என்னும் இணையதளம் வழியாக, நாடெங்கும் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் திறக்கப்பட்டது. அதில் 504 என்ற எண்ணுள்ள பாடம், தொடக்க நிலைக் கணிதம். திரையில் விரிவுரை, விடுமுறை நாளில் நேர்முக வகுப்பு, பிறகு தேர்வு. வேலையையும் வீட்டையும் விடாமல் படிக்க இலட்சக்கணக்கானோருக்கு வழி கிடைத்தது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டாண்டுப் படிப்பு ஒன்றரை ஆண்டாகச் சுருங்கியது. விளைவு? புதிய பணி நியமனத்துக்கு அது இரண்டாண்டுப் பட்டயத்துக்கு ஈடாகாது என்று 2023 நவம்பரில் உச்சநீதிமன்றம் சொல்லிற்று. அன்று பணியில் இருந்து, குறித்த காலத்துக்குள் முடித்தவர்களுக்குச் செல்லும் என்று 2024 இல் விளக்கம் வந்தது. இடையில் அந்த ஆசிரியர்கள் பட்ட பாடு யார் கணக்கில்?

பாதியாக்குவோரை நாம் முன்பே கண்டிருக்கிறோம். 1953 இல் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மறுபாதியில் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார்கள். நாடு கொதித்தது, 1954 இல் திட்டம் வீழ்ந்தது. மாணவன் நேரத்தைக் குறைத்தபோது எழுந்த நாம், ஆசிரியரின் நேரத்தைக் குறைக்கும்போது உறங்கலாமா?

“அப்படியானால் இணையமே வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும் என்கிறேன்! வானகிரியில் வலை பின்னும் வீட்டுப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள். ஆசிரியையாகத் துடிப்பவள். நாள்தோறும் பேருந்தேறித் தொலைவு செல்ல வீடு இசையாது. விடுதியில் தங்கப் பணம் இசையாது. கடற்கரைக்கு வந்து சேரும் அலைவரிசை, அவள் கைக்குக் கல்லூரியைக் கொண்டுவந்து தருமானால், அதைத் தடுக்க நான் யார்? மீன் விற்ற காசில் படகுக்கு எத்தனை பங்கு, ஆளுக்கு எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்த்த வீடு அது. பின்னத்தைக் கற்பிக்க அவளைவிடத் தகுதியானவர் யார்?

ஆகவே நான் கேட்பது, கதவை அடைப்பதன்று. கதவுக்குப் பின்னே வீடு இருக்க வேண்டும் என்பது.

முதலாவது, அந்தக் கணிதப் பாடம் தமிழில் பிறக்க வேண்டும். வேற்றூர் உதாரணங்களை மொழிபெயர்த்துத் தலையில் கட்டக் கூடாது. மரக்காலும் மாவும் வேலியும் கிராமும் லிட்டரும் ஒரே வகுப்பில் கை குலுக்கட்டும்.

இரண்டாவது, திரை மட்டும் போதாது. வாரம் ஒருமுறையேனும் வட்டார வள மையத்தில் பயில்வோர் நேரில் கூடட்டும். குச்சிக் கட்டும் மணிச்சட்டமும் கையில் எடுக்கட்டும். வாதிடட்டும், தவறட்டும், திருந்தட்டும்.

மூன்றாவது, நான்கு விடையில் ஒன்றைத் தொட்டுவிட்டுத் தேறிப் போகும் தேர்வு வேண்டாம். ஒரு குழந்தையை எதிரே அமர்த்தி, ஒரு கணக்கைச் சொல்லித் தந்து, அது கேட்கும் ‘ஏன்’ என்பதற்கு விடை சொல்லட்டும். அதுவே தேர்வு.

நான்காவது, காலத்தில் கைவைக்காதீர்கள். இரண்டாண்டு என்றால் இரண்டாண்டு.

நம் மாநிலத்தில் 2022 இல் ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் எண்ணும் எழுத்தும் கைவர வேண்டும் என்பது அதன் இலக்கு. இலக்கு நல்லது. ஆனால் அதை எய்தும் கை எது? ஆசிரியரின் கை. அந்தக் கையில் வலுவேற்றாமல் அம்பைக் கொடுத்து என்ன பயன்?

அரசிடம் கேட்பது ஒருபுறம். நாம் செய்வது? ஊர்தோறும் படிப்பகம் கண்டவர்கள் நாம். நாளேட்டை ஒருவர் வாசிக்க, எழுத்தறியாத பதின்மர் சூழ்ந்து கேட்ட இடங்கள் அவை. அந்தப் படிப்பகங்களில் மாலை இரண்டு மணி நேரம், ஒரு திரையும் இணைய இணைப்பும் ஏற்பாடு செய்யுங்கள். வானகிரியிலிருந்தும் மேலையூரிலிருந்தும் திருவெண்காட்டிலிருந்தும், ஆசிரியப் பயிற்சி பயிலும் பெண்கள் அச்சமின்றி வந்து அமர்ந்து படிக்கட்டும். ஓய்வு பெற்ற கணக்காசிரியர் உங்கள் ஊரில் இருப்பார். வாரம் ஒருநாள் வந்து அவர்களோடு வாதிடுமாறு அழையுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். தீர்மானத்தோடு நிற்காமல், திரை வாங்க யார் யார் எவ்வளவு என்று அங்கேயே பட்டியல் எழுதுங்கள்.

‘ஏன் ஐயா?’ என்று எழுந்த சிறுமியை இனி எந்தப் பள்ளியும் உட்கார வைக்கக் கூடாது. அவளுக்கு விடை சொல்லத் தெரிந்த ஆசிரியர்களை ஆக்கித் தருவோம், வாரீர்!