இறக்கிய ஓட்டை மறுபடி ஏற்றலாம்

மதிப்பிற்குரிய விருதுநகர் மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய வீட்டை இடித்தால் சீமை ஓட்டைச் சுவரோரம் அடுக்கி வைப்பார்கள்; அது பாசி பிடித்துக் கிடக்கும். அந்த ஓட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லவே இந்த மடல்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. ஒழுகலுக்கும் தீக்கும் பயந்து குடிசையில் கிடந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதிதான். ஆனால் சித்திரை வெயிலைப் பகலெல்லாம் குடித்த தளம் ராத்திரியில் அதை உள்ளே இறக்குகிறது. பாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

விதியை மாற்றக் கேட்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிக் காட்டியதைத்தான் கேட்கிறேன். தளத்தின் அடிப்பாகக் கான்கிரீட்டுக்குப் பாரம் தாங்குவதில் பெரிய பங்கில்லை. அதனால் கம்பிகளுக்கு நடுவே இரண்டிரண்டு ஓடாக வைத்து, மேலே கான்கிரீட் ஊற்றினார். சிமெண்ட் மிச்சம், எடை குறைவதால் கம்பியும் மிச்சம், ஓடுகளுக்கு இடையே நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும். சுவருக்கு எலிப்பொறிக் கட்டு: செங்கலைக் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கல் குறையும். கல் ஒரே அளவாக இருக்க வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல் அதற்குத் தோது.

ஆரோவில்லில் மண்ணை அழுத்திச் செய்த கல்லில் மாடி வீடுகளே நிற்கின்றன. நம் கரிசலோ மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கிற மண். அந்த வழி இங்கே எளிதல்ல. பழைய ஓடு நம் தெருவிலேயே கிடக்கிறது.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. பழகாத வேலையைக் கொத்தனார் தொடமாட்டார். மதிப்பீட்டில் இல்லாததை ஓவர்சியர் அளக்கமாட்டார். அளக்காவிட்டால் அடுத்த தவணை வராது. கடன் வாங்கி அஸ்திவாரம் போட்டவர் எப்படித் துணிவார்?

எனவே, எங்கள் ஒன்றியத்தில் ஒரே ஒரு பயனாளியின் வீட்டை, அவர் சம்மதத்தோடு, பொறியாளர் மேற்பார்வையில் இப்படிக் கட்டித் தாருங்கள். உள்ளூர்க் கொத்தனார்களைக் கூலி கொடுத்து அங்கே பழக்குங்கள். நன்றாக வந்தால் மதிப்பீட்டில் சேர்க்கப் பரிந்துரையுங்கள்.

அடுத்த சித்திரையில் ஒரு ராத்திரி வந்து பாருங்கள், பாய் எங்கே விரித்திருக்கிறது என்று.

இப்படிக்கு,
ஸ்ரீவில்லிபுத்தூர்வாசி ஒருவர்