குற்றங் காணும் குழு

செப்டம்பர் 5-ந் தேதியன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை சூட்டுவதில் நாம் குறை வைப்பதில்லை. திருத்தணியிற் பிறந்த அப்பெரியாரின் தலைமையில் 1949 ஆகஸ்டில் வெளிவந்த சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன் அறிக்கையைத்தான் எவரும் புரட்டுவதாகக் காணோம்.

அக்கமிஷன் வெளியார் வந்து குற்றஞ் சாட்டிய கூட்டமன்று. தலைவர் ஆந்திர, காசி ஹிந்து சர்வகலாசாலைகளின் வைஸ்சான்ஸலராக இருந்தவர். அங்கத்தினரான லக்ஷ்மணசாமி முதலியாரோ அச்சமயத்திலேயே சென்னைச் சர்வகலாசாலையின் வைஸ்சான்ஸலர். அயல்நாட்டுக் கல்விமான்கள் மூவர் உடனிருந்தது மெய்யே; எனினும் பெரும்பாலோர் தங்கள் சொந்த வீட்டையே சோதனையிட்டவர்கள். ஒரே ஒரு சீர்திருத்தந்தான் செய்யலாமெனில் அது பரீட்சை முறையிலேயே ஆக வேண்டுமென்று அவர்கள் கூறினர். ஆயுள் முழுதும் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கியவர்கள் அப்படிச் சொல்வது எளிதா? மார்க்கில் மூன்றிலொரு பங்கை வகுப்பில் ஆண்டு முழுதும் செய்யும் வேலைக்கு ஒதுக்க வேண்டுமென்றும் சிபார்சு செய்தனர்.

அவர்கள் யோசனையை ஒட்டிச் சர்வகலாசாலை மானியக் குழு 1953-ல் தோன்றி, 1956-ல் சட்டபூர்வமாயிற்று. பரீட்சை நோய் மட்டும் தீரவில்லை. தீராததோடு, கலாசாலைகளையே பற்றிக்கொண்டது என்பது நமது அபிப்பிராயம்.

1994-ல் 'நாக்' என்னும் தர மதிப்பீட்டுக் கவுன்சில் ஏற்பட்டது. ஒவ்வொரு கலாசாலையும் தன் குறைநிறைகளைத் தானே ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். பின்னர் ஒரு குழு வந்து பார்த்தபின் தரம் வழங்கப்பட்டு வந்தது. நோக்கம் மிக நன்று. ஆனால் மாணவர் சேர்க்கையும் பணமும் கௌரவமும் அத்தரத்தையே நம்பியிருக்கையில், தன் குறையைத் தன் கையால் எழுதிக் கொடுக்க எவர் துணிவர்? மார்க்குக்காக மாணவன் உருப்போடுகிறான். மார்க்குக்காகவே கலாசாலை அறிக்கை புனைகிறது! 2025 பிப்ரவரியில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் ஆய்வுக் குழுவினர் சிலரையே லஞ்சக் குற்றச்சாட்டின்பேரில் கைது செய்தனர். அவ்வழக்கு நியாயஸ்தலத்தைச் சேர்ந்தது. நாம் தீர்ப்புக் கூற விரும்பவில்லை. எழுத்துத் தரங்களை நீக்கி, அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லப்போவதாக 2024-ல் அறிவித்தார்கள். தேறினான், தவறினான் என்பதும் பரீட்சையின் பாஷைதானே?

குறைகளைக் கூறும் அறிக்கை வேறு, அங்கீகாரம் வேறு என்று பிரித்துவிடுக. குறையை ஒப்புக்கொண்ட கலாசாலைக்கு அதனால் ஒரு காசும் குறையலாகாது. ஆய்வுக்கூடச் சிப்பந்தியும் முதலாண்டு மாணவனும் பெயரிடாமல் அதில் எழுதட்டும். தலைமை ஆசிரியர்கள் அதை அடுத்த ஆண்டு அவர்கள் முன்னிலையிலேயே வாசித்துக் காட்டட்டும். சர்க்கார் விரும்பினால், திருத்தணியிலுள்ள அரசினர் கலைக் கல்லூரியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.