பில்கீஸ் உம்மாவின் தொட்டில்கள்



அரபுக் கல்லூரியில் ஓதும் பிக்ஹுக் கிதாபுகளில் ‘லகீத்’ என்று ஒரு சின்னப் பாடம் வரும். கண்டெடுக்கப்பட்ட, உரியவர் யாரென்று தெரியாத குழந்தையைப் பற்றியது அது. அப்படிக் கிடக்கும் பிள்ளையைத் தூக்கியெடுப்பது ஷாபிஈ மத்ஹபில் பர்ளு கிபாயா. ஒருவரும் எடுக்காவிட்டால் அறிந்தவர் எல்லோருக்கும் குற்றம். செலவுக்குப் பொது நிதி இல்லையென்றால் வசதியுள்ளவர்கள் மீது பொறுப்பு. எனக்கு உஸ்தாத் இதை ஒரே நாளில் ஓதித் தந்தார். நானும் பல வருஷமாக ஒரே நாளில்தான் ஓதிக்கொடுத்து முடித்தேன். நம் கல்முனைக் கரையில் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகிறவர் யார் என்ற நினைப்புத்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சகோதரி தன் மாமியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருஷம், பிள்ளையில்லை. “ஹஸ்ரத், ஒரு புள்ளய எடுத்து வளக்கக் கூடுமா?” என்று கேட்டார். நான் சட்டத்தைச் சொன்னேன். தகப்பன் பெயராக உங்கள் கணவர் பெயரைப் போட்டுப் பெற்ற பிள்ளையாக்கக் கூடாது, வாரிசாகாது, பருவமடைந்தால் மஹ்ரம் பிரச்சினை வரும் என்றேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “அப்ப விடுவம் ஹஸ்ரத்” என்று எழுந்து போய்விட்டார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, “நீங்க சொன்னதில ஒண்டும் பிழையில்ல. ஆனா அந்தப் புள்ள கேட்டது கூடுமா எண்டு. கூடாததை மட்டும் சொல்லி அனுப்பிட்டீங்க” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்குப் பதில் சொல்லவில்லை.

2022 ஏப்ரல் 15, நோன்பு மாதத்து வெள்ளிக்கிழமை, கராச்சியில் பில்கீஸ் பானு எதி வபாத்தானார். வயது 74. அவருடைய வாழ்க்கையைப் படித்தபோதுதான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போன அந்தச் சகோதரியின் முகம் எனக்கு மறுபடி வந்தது.

பில்கீஸ் பிறந்தது 1947இல், இந்தியாவின் குஜராத்திலுள்ள பாந்த்வா என்ற ஊரில். மேமன் குடும்பம். கொழும்பு வியாபாரத்தில் மேமன்மாரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நாடு பிரிந்தபோது பாந்த்வா மேமன்களில் பெரும்பாலோர் கராச்சிக்குப் போனார்கள். அங்கே மீட்டாதர் பகுதியில் அப்துல் சத்தார் எதி ஒரு சின்ன மருந்தகம் நடத்திவந்தார். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டாத பில்கீஸ் அங்கே தாதிப் பயிற்சிக்குப் போனார். பிள்ளைப்பேறு பார்க்கப் பழகினார். 1966இல் எதி அவரைக் கலியாணம் முடித்தார். மாப்பிள்ளைக்குப் பெண்ணைவிட இருபது வயதுக்குக் கிட்ட அதிகம். சொத்து என்று பார்த்தால் இரண்டு சோடி உடுப்பும் ஒரு அம்புலன்ஸ் வண்டியும்.

கலியாண இரவிலேயே தலையில் பலத்த அடிபட்ட பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து சேர்ந்தாள். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரவு அங்கேயே கழிந்தது. அந்தச் சிறுமி பிழைத்து, வளர்ந்து, பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறாள் என்று பில்கீஸ் பிற்காலத்தில் சந்தோஷமாகச் சொல்வார். நம் வீடுகளில் கலியாணச் சோற்றில் உப்புக் குறைந்ததை முப்பது வருஷம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எதி நிலையங்களின் வாசலில் ஒரு தொட்டில் இருக்கும். பிள்ளையைக் கொல்லாதே, இதில் வைத்துவிட்டுப் போ என்பது அதன் கருத்து. வைத்தவரை யாரும் விசாரிப்பதில்லை. அந்தத் தொட்டில்களில் வந்த பல்லாயிரம் குழந்தைகளுக்குப் பொறுப்பு பில்கீஸ். அதிகமானவை பெண் குழந்தைகள். பிள்ளையில்லாத தம்பதிகளின் மனுக்களைப் பார்த்துப் பொருத்தமானவர்களிடம் கொடுப்பது, மகப்பேற்று இல்லம், ஆதரவற்ற பெண்களின் வீடு, அங்கு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுவது எல்லாம் அவர் கையில். தனக்கும் நான்கு பிள்ளைகள். தம்பதியர் இருவருக்குமாக 1986இல் மகசேசே விருது கிடைத்தது.

தொட்டில் தகாத உறவைத் தூண்டும் என்று எதிர்த்த உலமாக்களும் இருந்தார்கள். நானும் அந்த வகுப்பைச் சேர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: தாய் செய்த குற்றத்துக்குப் பிள்ளை பொறுப்பாளியல்ல என்பது நாம் ஓதிய மார்க்கம்தான். வறுமையாலும், பெண்ணாய்ப் பிறந்ததாலும் கைவிடப்பட்ட பிள்ளைகளும் அங்கே உண்டு. நம் பகுதியில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம் என்ற வழக்கத்தால், மூன்றாவதும் பெண் என்று கேட்டவுடன் வாப்பாவின் முகம் மாறுவதை நீங்கள் பார்க்கவில்லையா?

பில்கீஸுடைய சோதனையும் சின்னதல்ல. எதி இல்லத்தில் இருந்த மனநலம் குன்றிய ஒரு பெண் கொதிநீரை ஊற்றியதில் அவருடைய பேரன் பிலால் மௌத்தானான். அதன் பிறகும் அப்படிப்பட்டவர்களுக்கு இல்லத்தின் கதவு திறந்தே இருந்தது.

ரயிலில் வழிதவறி லாகூர் வந்த, பேசவும் கேட்கவும் முடியாத இந்தியச் சிறுமியின் கதையை அறிந்திருப்பீர்கள். முதலில் அவளை ஃபாத்திமா என்று அழைத்தார்கள். அவள் இந்துப் பிள்ளை என்று விளங்கியதும் பில்கீஸ் கீதா என்று பெயர் வைத்தார். அவள் தன் முறைப்படி கும்பிடவும் இடம் கொடுத்தார். 2015 அக்டோபரில் ஊர் அனுப்பினார். 2021இல் கீதா பெற்ற தாயைக் கண்டுபிடித்த செய்தியைப் பத்திரிகைகளுக்குச் சொன்னவரும் இந்த வளர்ப்புத் தாய்தான்.

நம் கல்முனையிலும் ஒரு குழந்தை உலகச் செய்தியானது. 2004 சுனாமியில் தப்பி ஆஸ்பத்திரியில் 81ஆம் இலக்கத்தில் பதிவான ஆண் குழந்தை. தங்கள் பிள்ளை என்று பலர் கேட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனைக்குப் பிறகே பெற்றோரிடம் போனது. யாருமே கேட்டு வராத குழந்தையைப் பற்றித்தான் லகீத் பாடம் பேசுகிறது.

அந்த நோன்பு முடிந்ததும் நானும் மனைவியும் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனோம். முன்பு சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். தகப்பன் தெரியாத பிள்ளை மார்க்கச் சகோதரன் என்று ஸூரத்துல் அஹ்ஸாப் சொல்கிறது. வாரிசாகாவிட்டாலும் மூன்றிலொரு பங்குவரை வஸிய்யத் எழுதலாம், உயிரோடிருக்கும்போதே கொடுக்கவும் செய்யலாம். பெண் குழந்தையென்றால் இரண்டு வயதுக்குள் கணவரின் தங்கச்சி ஐந்து தடவை பாலூட்டினால் அவர் அந்தப் பிள்ளைக்குப் பால்குடி மாமா, மஹ்ரம் பிரச்சினை இல்லை. நாட்டுச் சட்டப்படி நீதிமன்றத்தின் வழியாகவே எடுக்க வேண்டும், கையில் கொடுத்தார்கள் என்று வாங்கி வரக் கூடாது என்றும் சொன்னேன். மாமிதான் முதலில் அழுதார்.

ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தார்கள். ஆறு மாதப் பெண் குழந்தை வந்தது. கணவரின் தங்கச்சி அப்போது கைக்குழந்தைக்காரி. இப்போது அந்தப் பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போகிறாள். போன நோன்பில் மூடி போட்ட வாளியோடு வாப்பும்மாவின் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கஞ்சி வாங்க வந்தாள். என்னைக் கண்டதும் வாப்பும்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.