எழுதிய வேகமும் ஓடும் வேகமும்

பண்டத்தின்மேல் எண்ணெழுதி விற்கும் வழக்கம் நமது பாலாற்றுப் பிரதேசத்திற்குப் புதியதன்று. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் முதலிய ஊர்களிற் பதனிட்ட தோலை அளந்து, அதன் உட்புறத்தில் இத்தனை சதுர அடி என்று குறித்தனுப்புவர். வாங்குவோர் கடல் கடந்த தேசத்தில் இருப்பினும் அவ்வெண்ணை நம்பியே விலை கொடுக்கின்றனர். ஒருமுறை அவ்வெண் பொய்த்ததாயின், மறுமுறை அவ்விடத்திற்கு ஆர்டர் வருதல் அரிது. ஆதலின் எண் என்பது ஒரு வாக்குறுதி என்பதனை நம் பகுதியார்க்கு எவரும் புதிதாகப் போதிக்க வேண்டுவதில்லை.

இக்காலத்து மாணவர் வாங்கும் பொருள்களுள் எண்ணையே முற்றிலும் நம்பி வாங்கப்படுவது கணிப்பொறியாகும். அதனுள்ளும் ராம் என்று கடைத்தெருவில் வழங்கும் நினைவகத்தை, அதன்மேல் எழுதியுள்ள வேகத்தைக் கொண்டே தெரிந்தெடுக்கின்றனர். அவ்வேகம் கணிப்பொறியில் உள்ளபடி கிடைக்கின்றதா என்று பார்ப்பவர் மிகச் சிலரே. கிடையாத இடத்துச் செய்யவேண்டுவது யாது, அதற்குப் பொறுப்பாளி யாவர் என்பன பற்றி நமது அபிப்பிராயத்தை ஈண்டு வெளியிட விரும்புகின்றோம்.

ஆற்காட்டினின்று ஆரணி செல்லும் சாலையிலுள்ள திமிரியை நம் மாணவர் பலர் அறிவர். அத்தகைய ஊரில் ஒரு குடும்பம் கணிப்பொறி வாங்குவது சிறு காரியமன்று. தந்தையார் தோல் தொழிற்சாலையிற் பெறும் கூலியில் மிச்சம் பிடித்தோ, தாயார் கட்டிய சீட்டை எடுத்தோ அத்தொகை சேர்கின்றது. பிள்ளை வேலூர்க் கடைகளிலும், ஒருகால் சென்னை ரிச்சி தெருவிலும் விசாரித்து, உறுப்பு உறுப்பாகத் தெரிந்தெடுத்து வாங்கி வருகின்றான். அவ்வாறு வாங்கப்பட்டுத் திமிரியில் ஒரு வீட்டில் இருந்த கணிப்பொறியொன்றைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. ராமின்மேல் 3200 என்று எழுதியிருந்தது. ஓடிய வேகமோ 2133. மூன்று பங்கு வேகம் என்று வாங்கியதில் இரண்டு பங்கே நடைமுறையில் இருந்தது. வாங்கி ஓராண்டு கழிந்தும் அவ்வீட்டார் ஒருவரும் அதனை அறிந்திலர். கடைக்காரரும் சொன்னாரில்லை.

இஃது ஏன் நிகழ்கின்றது? ராம் பலகை ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சில்லு உண்டு. அப்பலகை எவ்வெவ்வேகத்தில் ஓட வல்லது என்ற குறிப்பு அதனுட் பதிந்துள்ளது. கணிப்பொறியைத் தொடங்கியவுடன் மதர்போர்டு அக்குறிப்பைப் படித்து, பொதுப் பிரமாணத்தின்படி அபாயமற்ற ஒரு வேகத்தை மேற்கொள்ளுகின்றது. அப்பிரமாணத்தை வகுப்பது 1958 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஜெடெக் என்னும் சங்கம். டி.டி.ஆர்.4 வகைப் பலகைகள் பலவற்றில் அவ்வேகம் 2133 அல்லது 2400 ஆக இருக்கும். அட்டைப் பெட்டியின்மேல் விளம்பரப்படுத்தும் 3200, 3600 முதலியன பெரும்பாலும் பிரமாணத்திற்கு மேற்பட்ட தனிக் குறிப்புகளாகும். இண்டெல் கம்பெனியார் 2007 ஆம் ஆண்டில் அக்குறிப்புக்கு எக்ஸ்.எம்.பி. என்று பெயரிட்டனர், ஏ.எம்.டி. கம்பெனியார் 2022 ஆம் ஆண்டில் எக்ஸ்போ என்ற பெயரில் தமக்கென ஒன்று வகுத்தனர். இக்குறிப்பு தானே நடைமுறைக்கு வருவதில்லை. ஒருவர் பயாஸ் பக்கத்திற் புகுந்து அதனை இயக்கி வைத்தல் வேண்டும். திமிரிக் கணிப்பொறியில் அதனைச் செய்தவர் ஒருவருமிலர். அவ்வளவே குறை.

எனினும் குறையைத் திருத்தப் புகுமுன் குறை உண்மையில் உண்டா என்று தெளிதல் அவசியம். கடிகாரத் துடிப்பு ஒன்றுக்கு இருமுறை தரவை அனுப்புவது இவ்வகை ராமின் இயல்பு. ஆகவே 3200 என்னும் பலகை நொடிக்கு 320 கோடி முறை தரவை அனுப்பினும், அதன் கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ் வேகத்திலேயே துடிக்கும். சி.பி.யு.-இஸட் போன்ற சில மென்பொருள்கள் இந்த 1600-ஐயே காட்டுகின்றன. இதனைக் கண்டு பாதி வேகமே கிடைத்ததென்று கடைக்காரரோடு பூசலிட்டவரும் உளர். அவர்க்குக் குறை கணிப்பொறியில் இல்லை; கணக்கிலேயே உள்ளது. இருமடங்காக்கிப் பார்த்தபின் எழுதிய எண் வாராதாயின் மேலே ஆராய்க.

முதலாவது, பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை இயக்குக. பெரும்பான்மையான வழக்கு இவ்விடத்திலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, தீராதாயின் மதர்போர்டும் பிராஸஸரும் அவ்வேகத்தை ஏற்குமா என்று அவற்றின் கையேட்டைப் பார்க்க. உதாரணமாக, இண்டெலின் பத்தாம் தலைமுறை ஐ5-10400 பிராஸஸருக்கு விதித்த எல்லை 2666. எச்410 வகை மதர்போர்டில் அதனோடு 3200 பலகையைப் பொருத்தினால் 2666-க்குமேல் ஓடாது. ஈண்டுப் பலகை குற்றமற்றது. ஓடமுடியாத வேகத்திற்கு விலை கொடுக்கச் செய்தவரே குற்றவாளி.

மூன்றாவது, இரு பலகைகள் இருப்பின் இரண்டும் ஓரினமா என்று நோக்குக. 2400-உம் 3200-உம் சேர்ந்திருப்பின் இரண்டும் 2400-க்கு இறங்கியே ஓடும். வண்டியிற் பூட்டிய மாடுகளுள் மெல்ல நடப்பதன் நடையே வண்டியின் நடையாவது போல. நான்கு துளைகளுள்ள மதர்போர்டில் இரண்டு பலகைகளைப் பிராஸஸரினின்று எண்ணி இரண்டாம் துளையிலும் நான்காம் துளையிலும் இடுதலே பெரும்பாலும் முறை. ஐயமெழின் கையேட்டின்படி செய்க. நான்கு துளையையும் நிரப்பினால் வேகம் குறைதலும் உண்டு. ஏ.எம்.டி.யின் ரைஸன் 7000 வரிசைப் பிராஸஸர்களுக்கு இரண்டு பலகையோடு 5200 என்று விதித்த கம்பெனியாரே நான்கு பலகையோடு 3600 என்று விதித்துள்ளனர்.

நான்காவது, பலகையைக் கழற்றிப் பொன்முலாம் பூசிய பற்களைத் துடைத்து, இருபுறக் கொக்கியும் பொருந்தும்வரை மீண்டும் அழுத்துக. தூசி மிகுந்த நம் ஊர்களில் இதனாலேயே நீங்கிய கோளாறுகள் பல. மதர்போர்டுக் கம்பெனியார் புதிய பயாஸ் வெளியிட்டிருப்பின் அதனை ஏற்றுக. ஏற்றும் நேரத்தில் மின்சாரம் நின்றுபோமாயின் மதர்போர்டே பாழாகக் கூடுமாதலின், யு.பி.எஸ். இல்லாத வீட்டில் இதிற் கைவையாதிருத்தல் நன்று.

இவற்றுள் ஒன்றைச் செய்து பயனைப் பார்த்தபின்னரே அடுத்ததைச் செய்தல் வேண்டும். நான்கையும் ஒருங்கே மாற்றியவன் எதனால் நோய் தீர்ந்தது என்று அறியமாட்டான். தீராவிடில் எதனால் மிகுந்தது என்றும் அறியமாட்டான். நமது ரசாயன சாலையிற் கற்பிக்கும் ஒழுங்கு இதுவேயன்றோ? பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழி இதற்கும் பொருந்தும்.

வேகத்தை ஏற்றியபின் திரை கறுத்துக் கணிப்பொறி தொடங்காமற் போதலும் உண்டு. அஞ்ச வேண்டுவதில்லை. பல மதர்போர்டுகள் சிலமுறை முயன்றுவிட்டுத் தாமே பழைய வேகத்திற்குத் திரும்பும். திரும்பாவிடின் மின்னிணைப்பை நீக்கி, மதர்போர்டிலுள்ள காசளவான பாட்டரியைச் சிறிது நேரம் கழற்றி வைத்து மாட்டினால் அமைப்புகள் ஆதிநிலையை அடையும். பின்னர் 3200-க்குப் பதிலாக 2933, அதுவும் இயலாவிடின் 2666 என்று படிப்படியாக இறங்கிப் பார்க்கலாம்.

மடிக்கணினியின் நிலை வேறு. தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2011 ஆம் ஆண்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், நம் மாணவர் பலர்க்கு முதலில் வாய்த்த கணிப்பொறி அதுவாயிற்று. மடிக்கணினிகளின் பயாஸ் பெரும்பாலும் வேகத்தை மாற்ற இடந்தருவதில்லை. அவற்றுள் எழுதிய வேகத்திற்கு மேற்பட்ட பலகையை இட்டு விரையச் செய்ய முயல்வது வீண் செலவு.

இனி, நாம் வற்புறுத்திக் கூற விரும்பும் ஒன்றுண்டு. எழுதிய வேகத்தை எவ்வாறேனும் பெற்றே தீர்வது என்று பிடிவாதங்கொள்ளும் இளைஞர் சிலர் உளர். டி.டி.ஆர்.4 பலகைக்குப் பிரமாணம் வகுத்த மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்.எம்.பி.யில் பெரும்பாலும் 1.35 வோல்ட் ஆகும். இவர்கள் அதற்கும் மேலேற்றி எண்ணைத் திரையிற் கண்டு மகிழ்வர். ஆனால் நினைவகம் தன் ஆற்றலுக்கு மிஞ்சி ஓடுங்கால், சில வேளைகளில் ஓசையின்றிப் பிழை செய்கின்றது. கணிப்பொறி நின்றுபோயினும் நன்று. நில்லாமல், ஓர் இலக்கத்தை வேறு இலக்கமாக மாற்றி அதனையே வன்தட்டில் எழுதிவிடுமாயின் அதனினும் கேடு பிறிதில்லை. பெரிய ஸர்வர்களில் இத்தகைய பிழையைக் கண்டு திருத்தும் ஏற்பாடு உண்டு. நம் வீட்டுக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் அது முழுமையாக இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரையின் அட்டவணையோ, தந்தையாரின் கடைக் கணக்கோ இவ்வாறு கெட்டால், கெட்டது என்று அறிவதற்கே பலநாள் செல்லும். ஆகவே வேகத்தை ஏற்றியவர் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு, ஒரு பிழையும் வாராமை கண்ட பின்னரே அதனை நம்புதல் தகும். ஒரே ஒரு பிழை வரினும் வேகத்தைக் குறைத்தலே அறிவுடைமை. பிழையற்ற 2666 பிழைபட்ட 3200-ஐ விட மேலானது என்பது நமது துணிவு.

வேகம் எவ்வளவாயினும் என்ன, வேலை நடந்தாற் போதாதா என்று வினவுவார் உளர். கட்டுரை எழுதுதற்கும் கடிதம் அனுப்புதற்கும் இவ்வேற்றுமை தோன்றாது என்பது மெய்யே. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராஸஸரே சித்திரங்களையும் வரையும் கணிப்பொறிகளிலோ நன்றாகத் தோன்றும். சிக்கன நோக்குடன் நம் மாணவர் வாங்குவன பெரும்பாலும் அத்தகையனவே. அவர்கள் ஒற்றைப் பலகைக்குப் பதிலாக ஒத்த இரு பலகைகளை இடுவராயின், எண்ணை ஏற்றுவதினும் மிகுந்த பயனைப் பெறுதலும் கூடும். ஆனால் வேகம் வேண்டுமா என்பது ஒரு கேள்வி. விலை கொடுத்தவர்க்கு உண்மை சொல்ல வேண்டுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆளுக்கொரு விடை இருக்கலாம். இரண்டாவதற்கு ஒரே விடைதான் உண்டு.

இவ்வினா நமது நாட்டளவில் நிற்பதன்று. கோர்ஸேர் என்னும் ராம் கம்பெனியின்மேல் அமெரிக்க வாடிக்கையாளர் 2022 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள பெடரல் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தனர். பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தியவுடன் விளம்பர வேகம் வருவதில்லை, அமைப்புகளை மாற்றினாலன்றி வாராது என்பதே அவர் முறையீடு. கம்பெனியார் தவறொன்றும் செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, 55 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள 2025 ஆம் ஆண்டில் உடன்பட்டனர். நம் நாட்டிலும் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான விவரத்தை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தையும் தவறான விளம்பரம் என்றே கொள்ளுகின்றது.

ஆயினும் ஒவ்வொரு ராம் பலகைக்கும் கோர்ட்டுக்குச் செல்லுதல் இயலாது, அது தேவையுமன்று. பலகையின்மேல் இரண்டு எண்களை எழுதினாற் போதும்: பொருத்தியவுடன் ஓடும் வேகம் ஒன்று, அமைப்பை மாற்றி, தக்க உறுப்புகளும் வாய்த்தால் ஓடக்கூடிய வேகம் மற்றொன்று. கடைக்காரரும், கணிப்பொறியைக் கட்டிக் கொடுக்கும்போது அது ஓடும் வேகத்தைப் பில்லிலேயே எழுதித் தருதல் வேண்டும். இதற்கு ஒரு நிமிஷமும் ஒரு வரியும் தவிர வேறு செலவில்லை. கள்ளத் தராசைக் கடிந்த சாலொமோனும், நடுவு நிலைமை அதிகாரத்தில் வாணிகர்க்கு அறம் வகுத்த வள்ளுவரும் தராசையும் படியையும் மட்டுமே கருதினர் என்று கொள்ளுதல் பொருந்தாது. அளவைக் குறிக்கும் எண் எதுவாயினும் அவ்வறம் அதற்கும் உரியதே.

நம் கல்லூரிக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கணிப்பொறித் துறையாரும் பௌதிகத் துறையாரும் கூடி, வாரம் ஒருநாள் மாலை ஒரு மணி நேரம் தங்கள் சாலையைத் திறந்து வைத்து, மாணவர் கொண்டுவரும் கணிப்பொறிகளைச் சோதிக்கலாம். எழுதிய வேகம், ஓடும் வேகம், இரவுச் சோதனையின் முடிவு என்னும் மூன்றையும் ஒரு தாளிற் குறித்துக் கொடுத்தாற் போதும். கூலி வாங்குதல் ஆகாது. உடையவர் சம்மதமின்றி ஒன்றையும் மாற்றுதல் ஆகாது. விடுமுறைக்குத் திமிரிக்கும், கலவைக்கும், ஆரணிக்கும் செல்லும் மாணவர் தத்தம் தெருவில் இதனையே செய்யலாம். கற்றவன் ஊருக்குத் திரும்பிச் செய்யும் தொண்டு பெரும் பிரசங்கமாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. சீட்டுப் பணத்தில் வாங்கிய பொருள் சொன்னபடி ஓடுகின்றதா என்று பார்த்துச் சொல்லுதலும் தொண்டேயாம்.

எழுதியவர் எழுதியபடி கொடுக்கவும், வாங்கியவர் வாங்கியதை அளந்தறியவும், அறிந்தவர் அறியாதார்க்குக் காட்டவும் முற்படுவராக. இம்மூன்றும் நம் பகுதியிற் கைகூடுமாயின், தோலின்மேல் எழுதிய எண்ணுக்குள்ள மதிப்பு கணிப்பொறியின்மேல் எழுதிய எண்ணுக்கும் உண்டாகும் என்பது நமது நம்பிக்கை.